மேல் என்றால் மேற்கு

சேசு மரி சூசை துணை

நாயுடுபுரம்,
கொடைக்கானல்.
18-8-1962

அன்பு மகன் உபகாரத்துக்கு அம்மா எழுதுவது.

இங்கே அப்பாவும் நானும் உன் தங்கை ஞானமும் ஆண்டவர் புண்ணியத்தில் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். பிலாயில் நீயும் அப்படியே இருக்க வேண்டுமென்று தினமும் செபமாலையில் உன்னை நினைத்துக்கொண்டுதான் இருக்கிறேன், கோபமாக இருக்கிற இந்த வாரத்திலும் அதை நிறுத்தவில்லை. கோபம் என்று முதல் வரியிலேயே வந்துவிட்டது. அப்பா வீட்டுச் சேதிகளை முதலில் எழுதிவிட்டு மற்றதைப் பிறகு எழுதச் சொன்னார். "தூரத்துல தனியா கெடக்கிற பய, எடுத்ததும் திட்டாத மேரி" என்றார். சரி, அவருக்காகச் சேதிகளை முதலில் எழுதுகிறேன்.

ஆடி பிறந்ததிலிருந்து மழையும் மூட்டமும்தான். துணி காய்வதில்லை, கணப்புக்கு மேலே கயிறு கட்டிப் போட்டு எடுத்தால் எல்லாவற்றிலும் புகை வாடை, பள்ளிக்கூடத்தில் என் வகுப்புப் பிள்ளைகள் நான் உள்ளே நுழைந்ததும் மூக்கை உறிஞ்சிப் பார்க்கிறார்கள். சமையலறைத் தகரம் ஒரு மூலை காற்றில் தூக்கிக்கொண்டது, பக்கத்து வீட்டு வேலப்பன் ஏறிக் கல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அப்பாவுக்கு இருமல், மிஷன் மருந்தகத்தில் ஊருக்கெல்லாம் மருந்து கலந்து கொடுக்கிறவர் தனக்கு ஒரு வாய் குடிக்க மாட்டேன் என்கிறார். சௌசௌ கொடி மட்டும் மழைக்குச் செழித்து வேலியெல்லாம் காய்க்கிறது, நித்தம் அதுதான் கூட்டு, அதுதான் பொரியல், ஞானம் தட்டைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். வத்தலக்குண்டு அத்தை கித்தேரியம்மாள் உனக்கு ஒரு பெண் பார்த்து வைத்திருக்கிறாளாம், கிறிஸ்துமஸுக்கு நீ வரும்போது பேசிக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன். பெண்ணின் போட்டோவை அனுப்பி வைக்கச் சொல்கிறேன், அதையாவது உன் இஷ்டத்துக்குத் திருத்தாமல் பார்ப்பாய் என்று நம்புகிறேன். சேதி முடிந்தது.

போன சனிக்கிழமை நான் பழனிக்குப் போனேன். வகுப்பில் நடத்துகிற நம் காப்பியத்துக்கு நான் எழுதிய குறிப்புரையின் கடைசிப் பகுதியைத் திருமலைச்சாமியிடம் கையில் கொடுத்துவிட்டு வரலாம் என்று முதல் பஸ்ஸில் கிளம்பினேன். பெருமாள்மலைக்குக் கீழே மண் சரிந்து பாதை அடைத்துக்கொண்டது, பஸ் நின்றது, எல்லாரும் இறங்கிக் கடையில் டீ குடித்துக்கொண்டு நின்றோம். அந்த ஈரத்திலும் குளிரிலும் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை, மடியில் இருந்த காகிதக் கட்டை நனையாமல் முந்தானைக்குள் வைத்துக்கொண்டு சின்னப் பெண் மாதிரி சந்தோஷமாக நின்றேன். வத்தலக்குண்டில் பஸ் மாறி, ஆயக்குடிக்காரர்கள் கொய்யாக்கூடைகளோடு ஏறி நெருக்கி, ஒருவழியாகப் பழனி போய்ச் சேர்ந்தபோது உச்சிப்பொழுது. திருமலைச்சாமி வாசல் வரைக்கும் வந்து வரவேற்றார். பஞ்சாங்கமும் பள்ளிக்கூட உரைநூல்களும் போடுகிற மனிதர், என் குறிப்புரையையும், கதை போகிற வழியைப் படமாகப் போட்ட வழித்தாளையும் சேர்த்துக் காப்பியத்தை மாணவர் பதிப்பாகப் போடுகிறேன் என்று ஒப்புக்கொண்ட ஒரே ஆள் அவர்தான் என்பது உனக்குத் தெரியும். "டீச்சர், தம்பி படத்த வார்த்தெடுத்த மாதிரி போட்டு அனுப்பிட்டாரு, அச்சு பிளாக்கும் மதுரையில இருந்து வந்துருச்சு, பாருங்க" என்று ஈரம் காயாத அச்சுத்தாளை என் முன்னால் விரித்தார். நீ அங்கே அனுப்பியிருக்கிறாய் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

உபகாரம், உன்னிடம் நான் கேட்டது என்ன? என் கைக்கோடு ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருக்கிறது, பிளாக் செய்கிறவர் சீரான கறுப்புக் கோடு கேட்கிறார், நீ படம் வரைகிற ஆபீஸில் இருக்கிறாய், என் தாளின் மேலே மெல்லிய தாளை வைத்து இருக்கிறபடியே மை ஏற்றி எனக்கு அனுப்பு என்று எழுதினேன். இருக்கிறபடியே என்ற சொல்லுக்குக் கீழே கோடு கூடப் போட்டிருந்தேன். நீ நேராக அச்சகத்துக்கு அனுப்பிவிட்டாய். நேரம் மிச்சம், சின்னச் சின்னத் தவறுகளைத் திருத்தியிருக்கிறேன், ஆச்சரியப்படுவீர்கள் என்று நீ எனக்குப் போட்ட கார்டு, மழையில் தபால் தாமதமாகி, நான் பழனியிலிருந்து திரும்பி வந்த பிறகு வந்தது. ஆச்சரியப்பட்டேன்.

அந்தத் தாளை நான் எதற்காகப் போட்டேன் என்று உனக்கு ஒருநாளும் சொன்னதில்லை, சொல்லாமலே தெரியும் என்று நினைத்தது என் மடத்தனம், இப்போது சொல்கிறேன். வகுப்பில் காப்பியத்தைத் தொடங்கும்போது பிள்ளைகள் ஆசையாக உட்காருவார்கள். நான்காம் படலத்துக்கு வருவதற்குள் யார் யாருக்கு அண்ணன், யார் எந்த ஊரில் இருக்கிறான், இப்போது பேசுகிறவன் மந்திரியா தூதனா என்று ஒன்றும் புரியாமல் கண் செருகிவிடும். மலைப்பாதையில் முதல்முறை வருகிற கீழ்நாட்டு ஆட்கள் மாதிரிதான், அடுத்த வளைவு எங்கே, இன்னும் எத்தனை என்று தெரியாததால்தான் பாதிப்பேருக்கு வயிற்றைப் புரட்டுகிறது. அதனால்தான் மலைப்பாதையைப் போலவே ஒரு தாள் போட்டேன். கதை கடற்கரையில் தொடங்கி மலையில் முடிகிறது, ஆகவே தாளின் அடியில் கடல், உச்சியில் மலை, நடுவில் நகரம், ஒவ்வொரு படலத்துக்கும் ஒரு வளைவு. அரசனுக்கு இரட்டைக் கோடு, வடநாட்டுப் படைக்குத் தண்டவாளம் மாதிரி குறுக்கு வெட்டின கோடு, இளைய ராணிக்கு ஒற்றைக் கோடு. எந்தப் பாட்டில் தொலைந்தாலும் தாளில் விரலை வைத்தால் யார் எங்கே நிற்கிறார் என்று தெரிந்துவிடும். இந்தப் பிள்ளைகள் கையில் வைத்துப் பார்த்துத் தடவி, இங்கே புரியவில்லை அங்கே புரியவில்லை என்று சொல்லச் சொல்ல வருஷக்கணக்காகத் திருத்தித் திருத்திப் போட்ட தாள் அது.

நகரத்துக்கு நான் இரண்டு வாயில் எழுதியிருந்தேன், உச்சிப் பக்கம் மேல்வாயில், அடிப்பக்கம் கீழ்வாயில். வடநாட்டுப் படையை வலது கைப்பக்கம் நிறுத்தியிருந்தேன். நீ என்ன செய்தாய்? வடக்கு எப்போதும் தாளின் உச்சியில்தான் இருக்க வேண்டும் என்று உன் ஆபீஸில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், அம்மா பாவம் படையைத் தப்பான பக்கத்தில் நிறுத்திவிட்டாள் என்று, வடக்கே அம்புக்குறி போட்டுப் படையைத் தூக்கிக்கொண்டு போய் உச்சியில் வைத்துவிட்டாய். மேல்வாயில் என்று இருப்பதால் அதை உச்சியிலேயே விட்டுவிட்டாய். மேல் என்றால் மேற்கு, உபகாரம். மேல்வாயில் மேற்கு வாசல், கீழ்வாயில் கிழக்கு வாசல். கடல் கிழக்கே, மலை மேற்கே, அதனால்தான் நான் மேற்கை உச்சியில் வைத்தேன், நம் நாட்டில் தண்ணீர் ஓடுகிற வழி அதுதான், மேலிருந்து கீழே, மேற்கிலிருந்து கிழக்கே. வத்தலக்குண்டில் நின்று நம் மலையைப் பார்த்தால் எந்தப் பக்கம் பார்க்கிறாய்? சின்ன வயதில் அத்தை வீட்டுக்குப் போனால் மேக்க மழை பேயுது, மேல ஊர்ல மழை பேயுது என்று இரண்டையும் ஒன்றாகவே சொல்வாயே, எந்தக் காலேஜில் போய் இதை மறந்தாய்? உன் படத்தின்படி இப்போது கடல் தெற்கே போய்விட்டது, போகட்டும். முற்றுகையின் கடைசி நாளில் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு இளைய ராணி மேல்வாயில் வழியாகத் தப்பி மலையைப் பார்த்துப் போகிறாள், காப்பியத்தின் உயிரே அந்த இடம்தான். உன் படத்தில் அவள் கதவைத் திறந்துகொண்டு நேராக எதிரியின் பாசறைக்குள் போய் நிற்கிறாள். படிக்கிற பிள்ளை இவள் காட்டிக்கொடுக்கத்தான் போனாள் என்று எழுதும், பரீட்சையில் அதற்கு நான் பூஜ்யம் போட வேண்டும், அதுவும் என் புத்தகத்தைப் பார்த்து எழுதினதற்காக.

இதைத் திருமலைச்சாமியிடம் சொன்னேன். மேல்வாயில் என்றால் மேற்கு வாசல் என்று நிதானமாகத்தான் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "தம்பி இஞ்சினியருங்க டீச்சர், அவருக்குத் தெரியாத தெசையா, மேலன்னா மேலதானங்க" என்றார். அவருடைய அச்சகம் எங்கே இருக்கிறது தெரியுமா, மேல ரத வீதியில். வாசலில் பலகை தொங்குகிறது. உங்கள் தெரு ஊருக்கு மேலே ஆகாயத்திலா இருக்கிறது என்று கேட்டேன். கொஞ்சமும் அசையாமல், "அது தெருப் பேரு, இது இலக்கியமாச்சே டீச்சர்" என்கிறார். அச்சுக் கோக்கிறவர்கள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள், என்னைப் பார்த்தா அவரைப் பார்த்தா என்று தெரியவில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதைவிடப் பெரியதை இன்னும் எழுதவில்லை. ராணியின் கோடு. மேல்வாயிலை விட்டு அவள் போன பிறகு கவி போர்க்களத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார், படலம் படலமாக யானையும் தேரும் கொடியும்தான், அவளைப் பற்றி ஒரு பாட்டுக்கூட இல்லை. கடைசியில் மலையில் வளர்ந்த மகனோடு திடீரென்று வந்து நிற்கிறாள். நடுவே இருக்கிற வளைவுகளில் எல்லாம் அவளுக்கு நான் புள்ளிக்கோடு போட்டிருந்தேன். அதற்குக் காரணம் பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற இப்ராம்சாவின் மகள் ஆமினா. வகுப்பில் வாயே திறக்காத பெண், போர்ப் படலம் நடத்திக்கொண்டிருக்கும்போது எழுந்து நின்று, "டீச்சர், பிள்ளையத் தூக்கிட்டுப் போனவுங்க என்னதான் ஆனாங்க, சாப்பிட்டாங்களா இல்லையான்னு இதுல ஒருத்தருமே கேக்கலையே" என்றாள். வீட்டுக்கு வந்து அந்தப் புள்ளிகளை வைத்தேன். கவி பார்க்காவிட்டாலும் அவள் எங்கோ நடந்துகொண்டுதான் இருக்கிறாள், படிக்கிறவர்கள் அவளை விட்டுவிடக் கூடாது என்பதுதான் அதற்கு அர்த்தம். நீ அதை அழித்துவிட்டாய். நகரத்தில் கோட்டை வெட்டி மலையில் மறுபடி தொடங்கியிருக்கிறாய். ஆதாரம் இல்லாத இடத்தில் கோடு போடக் கூடாது, நீக்கிவிட்டேன் என்று கார்டில் எழுதியிருக்கிறாய். உன் இரும்பாலையில் அது சரி, குழாய் இல்லாத இடத்தில் குழாய் வரைந்தால் ஆள் செத்துப்போவான். இங்கே ஒரு மனுஷி கையில் பிள்ளையோடு காட்டு வழியில் போய்க்கொண்டிருக்கிறாள், அவளுக்கு ஆதாரம் கேட்கிறாய். நீ காப்பியத்தைப் படித்திருந்தால் அழித்திருக்க மாட்டாய், எனக்கு நன்றாகத் தெரியும். படிக்காமலே திருத்தியிருக்கிறாய், என் கோபத்தில் பாதி அதுதான்.

இன்னொரு பாதி தாளின் அடியில் இருந்தது. வரைந்தவர் அ. உபகாரம், பி.இ. என்று அச்சாகியிருக்கிறது. திருமலைச்சாமிதான் போட்டார், நீ கேட்கவில்லை என்று சொன்னார், நம்புகிறேன். பெயர் எனக்குப் பெரிதில்லை என்று எழுதத் தொடங்கி அந்த வரியை அடித்துவிட்டேன், மேலே பார், அடித்தது தெரியும். பெரிதுதான். கல்யாணத்துக்கு முன்னால் பி.ஏ. முடித்தவள் நான். இத்தனை வருஷமாக அடைக்கலராஜ் சம்சாரம், கம்பவுண்டர் வீட்டம்மா, இப்போது இஞ்சினியர் தம்பியின் அம்மா, எந்தப் பெயருக்கும் நான் முகம் சுளித்ததில்லை. இந்த ஒரு தாளில் என் பெயரைப் பார்க்க ஆசைப்பட்டேன். உனக்கு உபகாரம் என்று பெயர் வைக்கும்போது கேட்காத உபகாரமெல்லாம் செய்வாய் என்று உன் அப்பாவுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

இதை நிறுத்துங்கள், நான் வேறு தாள் தருகிறேன் என்று திருமலைச்சாமியிடம் சொன்னேன். அவர் கெட்ட மனிதர் இல்லை, மரியாதையாகத்தான் பேசினார், நாற்காலியைத் துடைத்துப் போட்டார், காப்பி வாங்கி வரச் சொன்னார். ஆனால், "டீச்சர், கோவிச்சுக்கிறாதீங்க, தம்பி ஒரு வரி எழுதட்டும், நான் போட்டதுல பெசகு இருக்குன்னு, அந்த நிமிசமே நிப்பாட்டிடறேன்" என்றார். நான் செய்தது சரி என்பதற்கு என் மகனிடமிருந்து ஒரு சர்டிபிகேட் வேண்டுமாம். காப்பி வந்தது, நான் குடிக்கவில்லை. மேசை மேல் இருந்த என் குறிப்புரைக் கட்டு முழுவதையும், போன மாதம் கொடுத்ததையும் சேர்த்து, எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். படம் உங்களிடம் இருக்கட்டும், உரை என்னிடம் இருக்கட்டும், இரண்டும் ஒத்துப்போகிற அன்றைக்குப் புத்தகம் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். அவர் வாசலில் நின்று டீச்சர் டீச்சர் என்று கூப்பிட்டது காதில் விழுந்தது, மேல ரத வீதி முழுக்கக் கேட்டிருக்கும்.

குறிப்புரைக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். பதினைந்து வயதுப் பெண் மாதிரி நடந்துகொண்டேனோ, புத்தகம் வராமலே போய்விடுமோ, ஆமினாவும் மற்றப் பிள்ளைகளும் இந்த வருஷமும் நான் கரும்பலகையில் போடுகிற கோட்டைப் பார்த்துத்தான் படிக்க வேண்டுமோ என்று வழியெல்லாம் யோசித்தேன். தப்புச் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. பயமாக இருந்தது, அவ்வளவுதான், இப்போதும் இருக்கிறது. அப்பாவிடம் சொன்னபோது முதலில் பையன் நல்லதுக்குத்தான் செய்திருக்கிறான் என்றார், பிறகு, "அனுப்புறதுக்கு முன்னால படத்த ஒங்கிட்டயும் காட்டியிருக்கலாம்" என்றார். ஞானம் மட்டும், "அண்ணன் நம்ம வீட்டுக்கு வழி போட்டாலும் நம்மளக் கடல்லதான் கொண்டு விடும்" என்றாள், அப்பா சிரித்துவிட்டார், அதற்கு மட்டும் எனக்கும் சிரிப்பு வந்தது.

இனி நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். என் தாள் உன்னிடம்தான் இருக்கிறது, அது ஒன்றுதான், எனக்கு நகல் கிடையாது. அதன் மேல் நீ பென்சிலால் குறித்திருந்தால் அழிக்காதே, அழித்தால் என் புள்ளிகளும் போய்விடும், அப்படியே ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பு. மை நானே ஏற்றிக்கொள்கிறேன், கோடு தடித்தால் தடிக்கட்டும், பிளாக் செய்கிறவரிடம் நானே போய்ப் பேசுகிறேன். உன்னிடம் இருக்கிற காப்பியப் பிரதியை, நீ வேலைக்குப் போகும்போது நான் டிரங்குப் பெட்டியில் அடியில் வைத்தது, அதை எடுத்து முற்றுகைப் படலத்திலிருந்து படி, எனக்காகப் படிக்காதே, நீ எதை வெட்டினாய் என்று பார்ப்பதற்காகப் படி. வேலை முடிந்து வருகிற களைப்பில் வாரத்துக்கு ஒரு படலம் போதும். கோதுமை ரொட்டி ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதியிருந்தாய், கஞ்சியாவது வைத்துக் குடி, வெறும் வயிற்றோடு ஷிப்டுக்குப் போகாதே. அத்தை பின்னிய கம்பளிச் சட்டை முடிந்துவிட்டது, அனுப்புகிறேன், என் கோபத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

திருமலைச்சாமிக்கும் நீ எழுத வேண்டும். நிச்சயம் உனக்கும் ஒரு கார்டு போட்டிருப்பார், அம்மாவுக்குப் புத்தி சொல்லுங்கள் என்று. உன் படம் தப்பு என்று அவருக்கு எழுதாதே, என் படம் சரி என்றும் எழுதாதே, இரண்டில் எதை எழுதினாலும் அது உன் தீர்ப்பாகத்தான் போய்ச் சேரும், அதை வைத்துத்தான் அவர் அச்சடிப்பார். ஒரே வரி எழுது. 'இதையெல்லாம் என் அம்மாவைக் கேளுங்கள்.' கையெழுத்துக்குக் கீழே பி.இ. வேண்டாம்.

மாதா உனக்குத் துணையிருக்கட்டும், இரும்பும் நெருப்பும் இருக்கிற இடத்தில் உன் கையும் கண்ணும் பத்திரமாக இருக்கட்டும், நல்ல தூக்கமும் நல்ல கூட்டாளிகளும் அமையட்டும். அப்பாவும் ஞானமும் அன்பைச் சொல்லச் சொன்னார்கள். தாளை மடிக்காதே, சுருட்டி அனுப்பு.

இப்படிக்கு
உன் மேல் கோபமாகவும் உன் அம்மாவாகவும் இருக்கிற
அருள்மேரி